பெரிய கோல்ஃப் போட்டி ஏன் பீடோங் பக்கம் வருவதில்லை

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் மாதிரி ஓர் எஸ்டேட் பட்டணத்தில் கோல்ஃப் பேச்சு எழுந்தால், ஆடியவர்களைவிடத் திடலில் வேலை பார்த்தவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். புல் வெட்டியவர்கள், கேடியாகப் பை சுமந்தவர்கள், கிளப் சமையற்கட்டில் நின்றவர்கள். வட்டாரத்தில் திடலுக்குப் பஞ்சமில்லை. ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கம் ஒன்று, சுங்கை பட்டாணியில் சிந்தா சாயாங் ஒன்று. அதனால் சாப்பாட்டுக்கடையில் தே தாரிக்கோடு வரும் கேள்வி இது: "பின்னுக்கு ஜெராய் மலை நிக்கிது, நிலம் கிடக்குது. இந்தப் பக்கம் ஏன் ஒரு பெரிய மேட்ச்சும் வர மாட்டேங்குது?"

நல்ல திடல் எதுவென்று நாலு பேர் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடைமுறை வேறு. யார் காசு போடுகிறார், எந்த வாரம் காலியாக இருக்கிறது, திடலைச் சுற்றி எவ்வளவு இடம் உண்டு, அப்புறம்தான் திடல் எப்படி என்ற கேள்வி. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மலேசியாவில் நடந்த பெரிய போட்டிகளின் முகவரிகள் எல்லாம் புரிந்துவிடும்.

முதலில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடலாம். 'மேஜர்' எனப்படும் கோல்ஃபின் தலையாய நான்கு போட்டிகளுக்கும் நான்கு வெவ்வேறு எசமான்கள். மாஸ்டர்ஸ் போட்டிக்குத் தேர்வே கிடையாது. அகஸ்டா கிளப் தன் சொந்தத் திடலில் தானே நடத்திக்கொள்கிறது. பிரிட்டனின் ஓப்பன் போட்டியை ஆர் அண்ட் ஏ அமைப்பு கடற்கரை மணல்மேட்டுத் திடல்களில் மட்டும் சுழற்சியாக நடத்துகிறது. அமெரிக்க ஓப்பனை அமெரிக்க கோல்ஃப் சங்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒதுக்கிவிடும். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் திடலுக்கு 2047 வரை முறை எழுதியாகிவிட்டது. நான்காவதான பிஜிஏ சாம்பியன்ஷிப் அமெரிக்கத் தொழில்முறைப் பயிற்றுநர்கள் சங்கத்தின் கையில். மற்றபடி 'டூர்' என்று சொல்லும், வாராவாரம் ஊர் மாறி நடக்கும் சுற்றுப் போட்டிகளில் சுற்று நிர்வாகம், ஸ்பான்சர், ஏற்பாட்டு நிறுவனம் மூன்றும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும். மலேசியாவுக்கு வந்தவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகை.

மலேசிய ஓப்பன் 1962இல் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பில் தொடங்கியது. 1893இல் தோன்றிய கிளப் அது. அந்தக் காலத்தில் வேறு இடத்தைப் பற்றி யோசிக்கவே தேவை இருந்திருக்காது. 1999இல் ஐரோப்பியச் சுற்றும் ஆசியச் சுற்றும் சேர்ந்து அங்கீகரிக்கும் போட்டியாக அது வளர்ந்தது. அதற்குப் பிறகு எங்கெல்லாம் போனது என்று பாருங்கள்: சௌஜானா, டெம்ப்ளர் பார்க், ராயல் சிலாங்கூர், மைன்ஸ், கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கிளப், கோத்தா பெர்மாய். எல்லாமே கோலாலம்பூரைச் சுற்றி. பினாங்குப் பாலத்தைத் தாண்டவில்லை, கெடா பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2010 முதல் 2015 வரை ஆறு ஆண்டுகளும் புக்கிட் கியாராவிலுள்ள அதே கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கிளப்பிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கிளப் சைம் டார்பிக்குச் சொந்தம். 1910இல் மலாக்காவில் ரப்பர்த் தோட்டத்தோடு தொடங்கிய அதே சைம் டார்பி; நம் பாட்டன்மார் பலர் பால்வெட்டியதும் பிறகு செம்பனைக் குலை அறுத்ததும் அந்தப் பெயருக்குக் கீழேதான். 2010இல் பெண்களுக்கான எல்பிஜிஏ சுற்று மலேசியா வந்தபோது ஸ்பான்சர் சைம் டார்பி, திடலும் சைம் டார்பியுடையது. 2017 வரை அப்படியே நடந்தது. காசு கொடுப்பவரும் இடம் கொடுப்பவரும் ஒருவரே என்றால் திடல் தேர்வு என்று தனியாகப் பேச என்ன இருக்கிறது?

சிஐஎம்பி வங்கி காசு போட்ட ஆண்கள் போட்டியான சிஐஎம்பி கிளாசிக் கதை இதைவிடத் தெளிவானது. 2010 முதல் மூன்று ஆண்டுகள் மைன்ஸ் திடலில், ஐம்பதுக்கும் குறைவான ஆட்டக்காரர்களோடு நடந்தது. பழைய ஈயச் சுரங்கத்தை மூடி உருவாக்கிய திடல் அது. 1999இல் உலகக் கோப்பையே அங்குதான் நடந்து, டைகர் வுட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். ஆனால் 2013இல் அமெரிக்கப் பிஜிஏ சுற்று இந்தப் போட்டிக்குத் தன் தரவரிசைக்கான முழுப் புள்ளிகளைக் கொடுத்து, ஆட்டக்காரர் எண்ணிக்கையை 78ஆக உயர்த்தியதும் புக்கிட் கியாராவுக்கு மாறியது. ரையன் மூர் இரண்டு முறை, ஜஸ்டின் தாமஸ் இரண்டு முறை அங்கே வென்றார்கள். 2018இல் மார்க் லீஷ்மன் 26 அண்டர் பார், அதாவது திடலுக்கு வகுத்த அடி எண்ணிக்கையைவிட 26 குறைவாக அடித்து வென்றதோடு சிஐஎம்பி வங்கி விலகிக்கொண்டது. அடுத்த ஆண்டு அதே பருவத்து வாரம் ஜப்பானுக்குப் போய், நராஷினோ கிளப்பில் சோசோ சாம்பியன்ஷிப்பாக நடந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் புக்கிட் கியாராவின் புல்லில் ஒரு குறையும் வரவில்லை. காசு போடுபவர் மாறினார், போட்டியும் போய்விட்டது. 2023இல் மேபேங்க் வங்கி முன்வந்தபோது பெண்கள் போட்டி அதே கிளப்புக்குத் திரும்பியது. செலின் பூத்தியே சமநிலையை முறிக்க ஒன்பது குழி பிளே-ஆஃப் ஆடி வென்றார்.

இங்கே நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமெரிக்கச் சுற்றின் தலைமையகம் இருக்கும் சாக்ராஸ் திடலுக்கான 415 ஏக்கரை அதன் ஆணையர் டீன் பீமன் வாங்கிய விலை ஒரே ஒரு டாலர். விற்றவர்கள் வள்ளல்கள் அல்ல, நிலம் வைத்திருந்த வியாபாரிகள். நடுவில் ஒரு பெரிய போட்டித் திடல் வந்தால் சுற்றியுள்ள மிச்ச நிலத்தின் விலை எங்கே போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பீட் டை வடிவமைத்த அந்தத் திடல் 1980இல் திறந்தது. பார்வையாளர் உட்காரத் திட்டமிட்டே மண்மேடுகள் எழுப்பினார்கள். 1982 முதல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் அங்கேயே. டெக்சஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோ நகரத்திலும் இப்போது அதே கணக்குதான்: பயிற்றுநர்கள் சங்கம் தன் தலைமையகத்தையே அங்கே மாற்றியது, புதுத் திடல் போட்டது, 2027 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை அதற்குக் கொடுத்துவிட்டது.

நம் நாட்டில் இந்தக் கணக்கு தோட்டத்து நிலத்தில் நடந்தது. ஷா ஆலாமில் 2014, 2016, 2018 என மூன்று முறையும் ஐரோப்பிய, ஆசிய அணிகள் மோதும் யூரேசியா கோப்பை நடந்த கிளென்மேரி, பெயரிலேயே பழைய எஸ்டேட். சௌஜானாவின் ஒரு திடலுக்குப் பாம் கோர்ஸ் என்று பெயர் வைத்ததும் சும்மா இல்லை. செம்பனை நின்ற நிலம் அது. புக்கிட் கியாராவும் ரப்பர்த் தோட்டமாக இருந்த குன்றுதான். அரசு அந்தத் தோட்டத்தைக் கையகப்படுத்திய பின், அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த நீள்வீடுகளில் பல பத்தாண்டுகள் காத்திருந்தது தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. தோட்டக் கம்பெனி மேம்பாட்டு நிறுவனமாக மாறும்போது முதலில் நெடுஞ்சாலை ஓர நிலம் வீடமைப்புப் பகுதியாகும், நடுவில் திடல் வரும், திடலுக்குப் பேர் வாங்கப் போட்டி வரும். அந்தப் போட்டி நாலு நாள் தொலைக்காட்சியில் ஓடும் நில விளம்பரம் என்பதே என் கணிப்பு. பீடோங்கைச் சுற்றியுள்ள நிலம் இன்னும் அந்த விலைக்கு வரவில்லை. அது நமக்கு நட்டமா லாபமா என்பதில் நம் ஊரிலேயே இரண்டு கட்சி உண்டு.

சரி, காசு வந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்தது தேதி. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்த பிறகு மண்டபம் தேடுகிற மாதிரி, முதலில் வாரம், அப்புறம்தான் திடல். உலகச் சுற்றுகளின் நாள்காட்டி நிரம்பி வழிகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் ஆசியாவுக்கு வரச் சம்மதிக்கும் வாரங்கள் பெரும்பாலும் ஆண்டின் இறுதிப் பகுதியில்தான் கிடைக்கும், அதாவது நமக்கு மதியம் தவறாமல் இடி இடிக்கும் மாதங்களில். ஜொகூரில் ஹொரைசன் ஹில்ஸ் திடலில் நடந்த இஸ்கண்டார் ஜொகூர் ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் யோஸ்ட் லாய்டன் வென்றார், 2012இல் செர்ஜியோ கார்சியா வென்றார். இரண்டு முறையும் மழையால் 72 குழிப் போட்டி 54 குழியில் முடிந்தது. ஆண்டுக் கடைசியில் ஜொகூரில் மழை பெய்யும் என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் கிடைத்த வாரம் அதுதான்.

தேதியோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சிக்கல், பகல் வெளிச்சம். ஸ்காட்லாந்தில் ஜூலை மாதம் பதினேழு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் எந்த மாதமும் பன்னிரண்டு மணி நேரம்தான். ஒரு முழுப் போட்டிக்கு 156 பேர். மூன்று மூன்று பேராக 52 குழுக்கள். முதல் குழியிலும் பத்தாவது குழியிலும் ஒரே நேரத்தில் தொடங்கி, காலை ஓர் அணி, மதியம் ஓர் அணி என்று பிரித்தாலும், ஒரு தொடக்கத்துக்கு 13 குழுக்கள் நிற்கும். பதினோரு நிமிடத்துக்கு ஒரு குழு, 18 குழிகளையும் ஆடி முடிக்க ஐந்து மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள்: காலை ஏழரைக்கு ஆரம்பித்தால் கடைசிக் குழு இரவு ஏழரை வாக்கில் திடலை விட்டு வரும். அதற்குள் நம் ஊரில் இருட்டிவிடும். இதில் மின்னல் எச்சரிக்கைக்காக ஒன்றரை மணி நேரம் நிறுத்தினால் அன்றைய ஆட்டம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும். சிஐஎம்பி கிளாசிக் 78 பேரோடு நின்றதற்கு இந்தக் கணக்கும் ஒத்தாசையாக இருந்தது. வடிகால் நன்றாக உள்ள திடல், மழை நின்று அரை மணியில் மறுபடி ஆட முடிகிற திடல்தான் இங்கே பிழைக்கும். குழிகளின் அழகெல்லாம் அதற்குப் பின்னால்.

மூன்றாவதாக, திடலுக்கு வெளியே உள்ள இடம். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் சுவையானது, ஏனென்றால் சின்ன ஊர்களின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது.

ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி திடல் உலகின் மிகக் கடினமான திடல்களில் ஒன்று என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1975இல் டாம் வாட்சன் தன் முதல் ஓப்பன் பட்டத்தை அங்கேதான் வென்றார். அதற்குப் பிறகு 24 ஆண்டுகள் ஓப்பன் அந்தப் பக்கம் வரவில்லை. திடலில் கோளாறு இல்லை. தங்க விடுதி இல்லை, வளர்ந்துவிட்ட போட்டியைத் தாங்கும் வசதிகள் இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்று எழுந்த பிறகு 1999இல் திரும்பி வந்தது.

வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் இன்னும் பெரிய பாடம். 1951இல் ஒருமுறை நடந்து, பிறகு அரசியல் வன்முறைக் காலம் முழுக்க யாரும் எண்ணிப் பார்க்காத கடற்கரைச் சிற்றூர். 2019இல் ஓப்பனைக் கொண்டுவர வேண்டும் என்றபோது, கூடாரங்களையும் கடைகளையும் எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. விடை, திடலின் பழைய 17ஆவது, 18ஆவது குழிகள் இருந்த சமதளம். இரண்டு குழிகளையும் எடுத்துவிட்டு, பக்கத்துத் திடலின் நிலத்தில் புதிதாக 7ஆவது, 8ஆவது குழிகளைக் கட்டினார்கள். ஆக, ஆடும் இடமே பார்வையாளருக்காக நகர்ந்தது. 2,37,750 பேர் வந்தார்கள். 2025இல் போட்டி மறுபடியும் அங்கே. ஊர் சின்னது என்பது தடையில்லை. பைன்ஹர்ஸ்டும் ஒரு கிராமம்தான், ஆனால் 1895இலிருந்து விருந்தாளிகளை வைத்தே பிழைக்கும் கிராமம்.

இடம் போதாமல் சமாளித்த கதைகளும் உண்டு. 2013 அமெரிக்க ஓப்பன் நடந்த மெரியன், நகரத்து வீடுகளுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்த பழைய திடல். நாளுக்கு ஏறக்குறைய 25,000 பேருக்கு மேல் விட முடியவில்லை. ஆட்டக்காரர்கள் பயிற்சி அடிக்க வேறொரு திடலுக்கு வண்டியில் போய்வந்தார்கள். மெரியனுக்கு இருக்கும் பழம்பெருமைக்காகச் சங்கம் அந்த நட்டத்தை ஏற்றது. புதியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மலேசியாவில் இந்த வசதிக் கணக்கு வேறு ஒரு வடிவம் எடுக்கிறது. கோலாலம்பூர் கோல்ஃப் கிளப்பில் 36 குழிகள். சௌஜானா, கிளென்மேரி இரண்டிலும் 36. ராயல் சிலாங்கூரில் அதற்கும் மேல். தற்செயலாக இருக்க முடியாது. போட்டிக்காகத் திடலை வாரக்கணக்கில் மூடி, புல்லை உயர்த்தி, மேடை கட்டி, பிறகு மிதிபட்ட நிலத்தைத் தேற்றி எடுக்கும்வரை சந்தா கட்டும் உறுப்பினர் எங்கே ஆடுவார்? இரண்டாவது திடல் இருந்தால் அங்கே. மைன்ஸ், கோத்தா பெர்மாய் போன்ற 18 குழித் திடல்களும் நடத்தியிருக்கின்றன, ஆனால் அங்கே உறுப்பினர்கள் கொடுக்கும் விலை அதிகம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து சத்தம் போடும் நாலு பேருக்குப் பயந்து ஒதுங்கும் கிளப்புகள் எந்த நாட்டிலும் உண்டு.

உறுப்பினர் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரை உள்ளே சேர்க்கிறீர்கள் என்ற கேள்வி 1990க்குப் பிறகு தேர்வில் நுழைந்துவிட்டது. அந்த ஆண்டு அலபாமாவின் ஷோல் கிரீக் கிளப்பில் பிஜிஏ சாம்பியன்ஷிப் நடக்கவிருந்தபோது, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று கிளப்பை நிறுவியவர் வெளிப்படையாகப் பேச, விளம்பரதாரர்கள் விலகினார்கள். அதன்பின் பாகுபாடு காட்டும் கிளப்புக்குப் போட்டி இல்லை என்று அமெரிக்கச் சுற்று விதி போட்டது. சைப்ரஸ் பாயின்ட் போன்ற புகழ்பெற்ற திடலே சுழற்சியிலிருந்து வெளியேறியது. ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் 2016இல் பெண்களைச் சேர்க்கும் தீர்மானத்தைத் தோற்கடித்ததும் ஓப்பன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். மறு ஆண்டே வாக்கெடுப்பு மாறியது. டோக்கியோ ஒலிம்பிக் திடலான கசுமிகசேக்கியும் அதே 2017இல் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை கொடுத்தது. துரைமார் கிளப்புக்குள் நம்மவர் பை தூக்கவோ பரிமாறவோ மட்டும் நுழைந்த காலத்தைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் லேசாகச் சிரிக்கத் தோன்றும். ஸ்பான்சர் முகம் சுளித்தபோதுதான் பல கதவுகள் திறந்தன.

இவ்வளவுக்கும் பிறகு திடல். நீளம் 7,000 கெஜம் அளவுக்கு இருக்க வேண்டும், பந்து உருளும் கிரீன் பகுதி ஒரே சீராக இருக்க வேண்டும். அந்த வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுக் கம்பி இருக்கிறது. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் உருவாக்கியது. சுற்றின் புல் நிபுணர்கள் பல மாதங்களுக்கு முன்பே வந்து மண்ணையும் புல்லையும் பார்ப்பார்கள். தோட்டக் கிளப்புகளின் பழைய திடல்களில் அகன்ற இலை மாட்டுப்புல்தான் அதிகம். மழைக்குத் தாங்கும், மலிவு, ஆனால் பந்து அதில் அமுங்கி உட்கார்ந்துகொள்ளும். போட்டிக்குக் குட்டையாக வெட்டினாலும் தாங்கும் பெர்முடா வகைகள் வேண்டும், அதற்கு மணல் அடுக்கும் தண்ணீர்க் குழாயும் தினசரி ஆளும் வேண்டும். இதில் சறுக்கினால் மேஜர் போட்டிக்கே கெட்ட பெயர்: 2015 அமெரிக்க ஓப்பன் நடந்த சேம்பர்ஸ் பே திடலின் கிரீன்களைப் பார்த்த ஹென்ரிக் ஸ்டென்சன், புரோக்கோலிமேல் பந்தை உருட்டுவது போல இருக்கிறது என்றார். ஆனால் திடல் சுலபமாக இருப்பது வாரச் சுற்றில் பெரிய குற்றமில்லை. 26 அண்டர் பார் என்றால் தொலைக்காட்சிக்கு நல்ல படம்.

ஆக பீடோங்குக்கு என்ன வழி? அமெரிக்கச் சுற்று, எல்பிஜிஏ இரண்டையும் மறந்துவிடலாம். பினாங்கு விமான நிலையம் கடலுக்கு அப்பால் தீவில். அலோர் ஸ்டார் சிறியது. ஒரே வாரத்தில் ஆட்டக்காரர், கேடி, தொலைக்காட்சி ஆட்கள் என்று வந்து இறங்கும் கூட்டத்துக்கு சுங்கை பட்டாணி விடுதிகள் பத்தாது. எட்டக்கூடியது அதற்கு இரண்டு படி கீழே: மலேசியத் தொழில்முறைச் சுற்றும், 2010இல் தொடங்கிய ஆசிய மேம்பாட்டுச் சுற்றும். அவற்றுக்கு மேடை வேண்டாம், பெரிய தொலைக்காட்சி முகாம் வேண்டாம், பார்வையாளர் நிறுத்த இடம்கூட அவ்வளவு வேண்டாம். எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற நம்மவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் பெயர் வாங்கிய நாட்டில், அடுத்த தலைமுறைப் பையன்கள் புள்ளி சேர்க்கப் போவதும் இந்தச் சுற்றுகளில்தான்.

அங்கே கேட்கப்படுவது எளிமையானது. கிளப் சில நாள்களுக்குத் திடலை முழுசாக விட்டுக்கொடுக்குமா? அந்த நாள்களின் கட்டண வரவை யார் ஈடுகட்டுவார்? கிரீன்களைக் குறைந்தது இரண்டு மாதம் முன்னாலிருந்து ஆள் போட்டுப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும்? மூன்றுக்கும் பதில் சொல்ல மாநில அரசோ, வட்டாரத்துத் தோட்டக் கம்பெனியோ, ஒரு வங்கிக் கிளையோ முன்வந்தால் ஜெராய் அடிவாரம் பட்டியலில் ஏறும். கம்பெனிக்கு அந்தப் பக்க நிலத்தை வீடமைப்புக்கு மாற்றும் எண்ணம் வந்த வருடத்தில் இந்தப் பேச்சு தானாகவே தொடங்கும். அப்போது முதலில் கேட்க வேண்டியது திடலைப் பற்றி அல்ல, லயத்தில் இன்னும் குடியிருப்பவர்களுக்கு வீடு எங்கே என்பதை.